ஸ்டென்ட் வைத்த பிறகு வரும் பயம்

அன்புள்ள லீலா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார் என்று படித்ததும் ஒரு நிம்மதி. ஆனால் அதற்குப் பிறகு நீ எழுதியிருந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, மகன் அனுப்பிய வாட்சில் நாடித்துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘டாக்டர் எல்லாம் நார்மல் என்கிறார், அப்புறம் என்ன?’ என்று கேட்டிருந்தாய்.

என் அண்ணனும் இப்படித்தான் இருந்தார். குலசேகரம் பக்கத்தில் காலமெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஒற்றைக்கு நடப்பார். மாரடைப்பு வந்துபோன பிறகு முற்றத்தைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். பிரஷர் பார்க்கும் மெஷினைக் கட்டிலிலேயே வைத்திருப்பார். கையில் பட்டையைச் சுற்றி அமுக்குவார். 140 காட்டினால் பதறுவார். அந்தப் பதற்றத்தோடு மறுபடி பார்த்தால் 150. மதினி மெஷினை எடுத்து ஒளித்துவைத்தால் வீட்டில் சண்டை.

நாம் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம் இருந்தது, சொல்லு. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வைத்தியம் தேவைப்படும் அளவுக்கே மனச்சோர்வு வருகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இதயத்தின் நிலையும் மோசமாகலாம் என்பதால், அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாகவே சொல்லியது. யோசித்துப் பார். மனசு ஒடிந்த ஆள் மாத்திரையை விடுகிறார், நடையை விடுகிறார், நிறுத்திய பீடியை மறுபடி எடுக்கிறார். அதனால் ‘நார்மல்’ என்பது ரத்தக்குழாயைப் பற்றிய செய்தி மட்டும்தான்.

அண்ணனை ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றேன். வரவே மாட்டேன் என்றார். அங்கே வரிசையில் நின்றால் ஊர்க்காரன் ஒருத்தனாவது பார்த்துவிடுவான், பைத்தியம் என்று பேசுவார்கள் என்ற கவலை. அங்கேதான் போன் உதவியது. 14416 தெரியும்தானே? டெலி மானஸ், போனிலேயே மனநல ஆலோசனை தரும் சேவை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. இரவும் பகலும் எடுக்கிறார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார் அண்ணன். தூங்கினால் எழுந்திருக்க மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்று போனை எடுத்த பெண்ணிடம் சொன்னாராம். மதினியிடம்கூட அவர் சொல்லாத வார்த்தை. அந்தப் பெண் ‘பயப்படாதீங்க’ என்று சொல்லி வைத்துவிடவில்லை. பிரஷரை டாக்டர் சொன்ன நேரத்தில் மட்டும் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் கேட் வரைக்கும், அப்புறம் பக்கத்து வீடு வரைக்கும், பிறகு கால்வாய் ஓரத்துச் சானல்கரை வரைக்கும் என்று நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவும் சொன்னார். இப்போது காலையில் மதினியோடு சானல்கரையில் நடக்கிறார். பால்வெட்டுக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

ஆப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, டெலி மானஸுக்கே ஒன்று உண்டு. ஆனால் ஆப்பை இறக்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதே. ஸ்வீடனில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இணையம் வழியே மனநலப் பாடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: ஏறக்குறைய பாதிப்பேர் முதல் பாடத்தையே முடிக்கவில்லை, வழக்கமான வைத்தியத்தைவிடப் பெரிய பலனும் இல்லை. அடுத்த வருஷம் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு. இதய நோயாளிகளுக்கென்றே எழுதிய 9 வாரப் பாடம். இதய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நர்ஸுகள் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார்கள். அதில் மனச்சோர்வு குறைந்தது. லீலா, நம்மைப் போன்ற நர்ஸுகள்! எனக்கு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். போனுக்கு அந்தப் பக்கம் இந்த நோயை அறிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். உன் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாய், அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. நெஞ்சு வலி, இடது கை கடுப்பு, மூச்சு முட்டல், குப்பென்று வியர்வை என்றால் முதலில் 108. இது பதற்றமா மாரடைப்பா என்று போனில் பேசி முடிவு செய்ய முடியாது.

அப்புறம் அந்த வாட்ஸாப். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு குடித்தால் அடைப்பு கரையும், மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் இங்கே குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அந்த இடத்திலேயே ரத்தம் உறைந்துவிடலாம். அவர் போனில் அது வந்திருக்கிறதா என்று பார். வாட்சையும் ராத்திரி கழற்றி வைக்கச் சொல்.

பேச்சு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும் என்று மனநல டாக்டர் சொன்னால் தயங்காதே. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மாரடைப்பு வந்தவர்களுக்கும் கொடுத்துச் சோதிக்கப்பட்ட மருந்து. ஆனால் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுபவருக்கு அதனால் ரத்தக்கசிவு கொஞ்சம் கூடலாம். எனவே இதய டாக்டருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். நாடித்துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா? சிலருக்கு அதிலேயே அசதி வரும், அதையும் கேட்டுக்கொள்.

அவருடைய மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லு. அவரை அண்ணனோடு சானல்கரைக்கு நடக்க அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் ரோஸ்
மார்த்தாண்டம்