ஊரைப் பிடி, பெயர் பின்னால் வரும்

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை வீட்டு முன்னோர்களைப் பேரன் தேட ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அவனுக்குள் பாதி அயர்லாந்தின் கார்க் கவுன்டி (கவுன்டி என்றால் நம் மாவட்டம் போல). அதை அவன் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் நீ அனுப்பிய அந்த ஆயத்த வம்சாவளியை இப்போதைக்கு ஒதுக்கி வை. சந்தா கட்டும் தளத்தில் யாரோ ஏற்றியது. 1790 வரை போகிறது, ஒரு பதிவின் படம்கூட ஆதாரத்துக்கு இல்லை. சலிவன் என்ற குடும்பப்பெயரை மேற்குக் கார்க்கில் தேடினால், டேனியலின் மகன் ஜான் ஒரே பங்கில் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியில்) ஒரே தலைமுறையில் பல பேர் இருப்பார்கள். அதில் ஒருவரை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்டு ஓடாதே. ஊரைப் பிடி, பெயர் பின்னால் வரும்.

ஊர் என்றால் ஸ்கிபரீன் போன்ற டவுனைச் சொல்லவில்லை. அங்கே நிலத்தைப் பிரித்த கடைசி அலகு டவுன்லாண்ட். அயர்லாந்து முழுக்க 60,000க்கு மேல் இருக்கிறது. சிலதில் நாலைந்து வீடுதான் இருக்கும். ஒரே பெயரில் ஒரே கவுன்டியிலேயே பல இருக்கும், அதனால் டவுன்லாண்ட் பெயரோடு அது எந்த சிவில் பாரிஷ், எந்தப் பாரனி (டவுன்லாண்டுகளைச் சேர்த்த பழைய நிர்வாகப் பகுதிகள்) என்பதையும் சேர்த்தே எழுதி வை. லோகனிம் என்ற இடப்பெயர்த் தளத்தில் பெயரைக் கொடுத்தால் ஐரிஷ், ஆங்கில வடிவங்கள் இரண்டும் இந்த விவரங்களோடு வந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு ஆவணமும் வேறு வேறு எல்லையைப் பின்பற்றுகிறது. சென்சஸ், தேர்தல் பிரிவுப்படி இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவு, ஏழைகள் சட்ட யூனியன்படி, அதாவது ஏழைகள் உதவிக்காக ஊர்களைச் சேர்த்துப் பிரித்த பகுதிப்படி. நிலமதிப்பீடு சிவில் பாரிஷ்படி. ஞானஸ்நானம் கத்தோலிக்கப் பங்கின்படி. சிவில் பாரிஷும் கத்தோலிக்கப் பங்கும் பெயரால் ஒன்றாக இருந்தாலும் எல்லையால் ஒன்றல்ல. உங்கள் கவுன்டியையே எடுத்துக்கொள். தென்மேற்கு மூலையில் பேரா தீபகற்பத்தின் பெரும்பகுதி கார்க் கவுன்டிதான், ஆனால் மறைமாவட்டம் (ஒரு ஆயரின் கீழ் உள்ள பங்குகள்) கெர்ரி. கிழக்கும் வடக்கும் பெரும்பாலும் கிளாய்ன் மறைமாவட்டம். தெற்கிலும் மேற்கிலும் இருப்பதுதான் கார்க் அண்ட் ராஸ். குடும்பம் எதில் விழுகிறது என்று தெரியாமல் தேடினால், இருக்கிற பதிவையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவாய்.

இணையத்தைத் திறக்குமுன் சம்பந்தியம்மாவிடம் உட்கார்ந்து பேசு. பொத்தாம்பொதுவாகப் பழைய கதையைக் கேட்டால் நேரம்தான் போகும். இதைக் கேள்: தாத்தா பாட்டியை எந்தக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்? பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் என்ன? யாருக்கு யார் ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்றவர்கள்)? அமெரிக்காவுக்குப் போன சகோதரர் யார், எந்த ஊருக்குப் போனார்? பைபிளுக்குள் இறந்தவர் நினைவு அட்டைகள் வைத்திருப்பார்கள், அவற்றைப் படம் எடு. பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

அடுத்தது 1911 சென்சஸ். ஏப்ரல் 2 இரவு அந்த வீட்டில் இருந்தவர்களின் கணக்கு. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். தட்டச்சு செய்த பட்டியலோடு நின்றுவிடாதே, படத்தைத் திற. படிவம் ஏ, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப்படிக்கத் தெரியுமா, வயது, தொழில் என்று போகும். கல்யாணமான பெண்ணுக்கு நேரே மூன்று எண்கள் இருக்கும்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. 1911இலிருந்து அந்த வருடங்களைக் கழித்தால் கல்யாணத்தை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். 9 பிறந்து 6 இருந்தால், மூன்று இறப்புப் பதிவுகள் எங்கோ காத்திருக்கின்றன. அந்தத் தாளின் கடைசிப் பத்திகளில் ஒன்று ஐரிஷ் மொழிக்கு. பாட்டிக்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்று இருந்து, பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். ஒரு குடும்பத்துக்குள் மொழி எந்த இடத்தில் நின்றது என்று அதில் தெரியும். பேரனுக்கு அதைக் காட்டு.

படிவம் பி1 வீட்டைப் பற்றியது. கல் சுவருக்கு 1, மண் சுவருக்கு 0. ஸ்லேட் கூரைக்கு 1, வேய்ந்த கூரைக்கு 0. அறைகளுக்கும் முகப்பு ஜன்னல்களுக்கும் தனிக் கணக்கு. எல்லாம் கூட்டி வீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை போடுவார்கள். பி2இல் மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில், களஞ்சியம். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வீடு கண்ணுக்குத் தெரியும்.

பிறந்த இடம் என்ற பத்தியில் பெரும்பாலும் கவுன்டி பெயர் மட்டுமே இருக்கும், அதை நம்பி ஊரை முடிவு செய்ய முடியாது. வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. 1901 மார்ச் 31 கணக்கில் 56 வயதானவர் 1911இல் 70 ஆகியிருப்பார். காரணம், 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் 1909 ஜனவரியில் தொடங்கியது. பிறப்புப் பதிவு 1864க்கு முன் இல்லாததால் வயதை நிரூபிக்க 1841, 1851 சென்சஸ்களில் தேடச் சொல்லி மனுப் போட்டார்கள். அந்தச் சென்சஸ்கள் பெரும்பாலும் போய்விட்டன, மனுத் தாள்கள் மிஞ்சின. அதில் பெற்றோர் பெயரும் டவுன்லாண்டும் இருக்கும். இவையும் அதே காப்பகத் தளத்தில் இருக்கின்றன. தேடுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இது. நீ தாண்டாதே.

பிறகு சிவில் பதிவு. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் பதிவேட்டுப் பக்கங்களே படமாக இருக்கின்றன, காசு கிடையாது. கத்தோலிக்கர் அல்லாதவர் கல்யாணங்கள் 1845 ஏப்ரலிலிருந்தும், மற்ற எல்லாம் 1864 ஜனவரியிலிருந்தும் பதிவாயின. பிறப்பு 100 வருடமும் கல்யாணம் 75 வருடமும் இறப்பு 50 வருடமும் தாண்டினால்தான் திறப்பார்கள்.

கல்யாணப் பதிவிலிருந்து தொடங்கு. இரண்டு பக்க அப்பாக்களின் பெயர், தொழில், மணமக்கள் இருந்த டவுன்லாண்ட், சாட்சிகள் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். அம்மாக்களின் பெயர் இருக்காது. வயதுக்கு 'முழு வயது' என்று மட்டும் இருந்தால் 21 ஆகிவிட்டது என்று பொருள், அதற்கு மேல் எதுவும் சொல்லாது. வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்குக் கோயிலில்தான் கல்யாணம், ஆகவே பையன் ஊரில் கிடைக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்துப் பங்குகளைப் பார். தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில்) கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் அதற்கு முன்பாகப் பிப்ரவரியில் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

பிறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பழைய வருடங்களில் தேடல் பட்டியலில் அது வராது, ஒவ்வொரு படத்தையும் திறந்துதான் பார்க்கவேண்டும். ஞானஸ்நானம் மார்ச் 3, பிறந்தது மார்ச் 20 என்று வந்தால் பயப்படாதே. பதிவுக்குக் காலக்கெடு இருந்தது, தாண்டினால் அபராதம். தாமதமாகப் போனவர்கள் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஞானஸ்நானத் தேதியை நம்பு. ஒரே தம்பதிக்கு இரண்டு டேனியல் இருந்தால் முதல் பிள்ளை இறந்திருக்கலாம், அதே பெயரை அடுத்தவனுக்கு வைப்பார்கள். இறப்புப் பதிவைப் பார்த்து உறுதிசெய்.

1864க்கு முன் பங்குப் பதிவேடுகள்தான் துணை. டப்ளினில் உள்ள தேசிய நூலகம் 2015 ஜூலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் ஏடுகளைச் சுமார் 1880 வரை இலவசமாக ஏற்றியது. அங்கே பெயரைத் தட்டித் தேட முடியாது, மாதம் மாதமாகப் பக்கம் புரட்டவேண்டும். ஆனால் உங்கள் குடும்பம் கார்க் அண்ட் ராஸ் பக்கம் என்றால், ஐரிஷ் ஜீனியாலஜியில் அந்த மறைமாவட்டத்துக்குப் பெயர்த் தேடலே இருக்கிறது. கெர்ரி மறைமாவட்டத்துக்கும் உண்டு. கிளாய்னுக்குக் கிடையாது. அதற்கு ரூட்ஸ் அயர்லாந்து தளத்தில் காசு கட்டவேண்டியிருக்கும், ஒரு மாதச் சந்தா போதும், பார்க்கவேண்டியதை முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொண்டு கட்டு.

பெயர்கள் லத்தீனில் இருக்கும். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யோவான்னெஸ் என்றால் ஜான். ஒரே பெண் பதிவேட்டில் ஹொனோரா, வீட்டில் நோரா. பிரிஜெட் என்பவளே பிட்டி, அமெரிக்கா போனால் டீலியா. ஜெரமையாவும் டார்பியும் ஒருவரே, கொர்னீலியஸும் கானரும் ஒருவரே. சலிவனை 'ஓ' சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு தடவை தேடு. ஞானப்பெற்றோர் பெயரை விடாமல் எழுது, பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, சித்தி என்று உறவாகவே இருப்பார்கள். நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல அங்கேயும் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்லமுடியாது. ஊகத்துக்கு வைத்துக்கொள், ஆதாரமாகக் கொள்ளாதே.

உருளைக்கிழங்குப் பஞ்சம் 1845இல் தொடங்கியது. 1841இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் 1851இல் 65 லட்சம் ஆனார்கள். ஸ்கிபரீன் பக்கம் அதில் மிக மோசமாக அடிபட்ட இடம். அந்தப் பத்து வருடத்தில் ஒரு குடும்பம் பதிவேட்டிலிருந்து மறைந்தால், நீ சரியாகத் தேடவில்லை என்று அர்த்தமில்லை.

பஞ்சத்தையொட்டிய காலத்தில் எந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்று கிரிஃபித் நிலமதிப்பீடு சொல்லும். 1847 முதல் 1864 வரை, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுக்க நடந்தது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். இடது ஓரத்து எண்ணை வரைபடத்தில் தேடினால் அவர்கள் உழுத துண்டு நிலமே தெரியும், சிறிய எழுத்து வீட்டைக் குறிக்கும். அடுத்து குடியிருப்பவர், அவருக்குக் குத்தகை கொடுத்தவர், ஏக்கர் ரூட் பெர்ச் கணக்கில் பரப்பு, கடைசியில் பவுண்டு ஷில்லிங்கில் வருட மதிப்பு. 4 ரூட் ஒரு ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். ஒரே டவுன்லாண்டில் இரண்டு ஜான் சலிவன் இருந்தால் அப்பா பெயரையோ பட்டப்பெயரையோ அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். மூன்று தலைமுறை முடிச்சை அவிழ்ப்பது சில சமயம் அந்த ஒரு அடைப்புக்குறிதான். ஒன்று நினைவில் வை: இதில் குடும்பத் தலைவர் மட்டுமே உண்டு, மனைவி பிள்ளைகள் இல்லை. இதற்கும் முந்தியது 1823 முதல் 1837 வரையிலான தசமபாக ஏடுகள், அயர்லாந்து திருச்சபைக்கு (அங்கத்திய புராட்டஸ்டன்ட் சபைக்கு) கட்டவேண்டிய வரிக் கணக்கு. அவற்றிலும் நிலம் வைத்திருந்தவர் பெயர்தான் உண்டு, மனைவி பிள்ளைகள் இல்லை.

1922இல் எல்லாம் எரிந்துபோயிற்று என்று யாராவது சொன்னால் தேடலை நிறுத்தாதே. ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவண அலுவலகம் அழிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ்களில் பெரும்பகுதியும் அயர்லாந்து திருச்சபையின் பல பதிவேடுகளும் அங்கேதான் போயின. 1861இலிருந்து 1891 வரையிலான சென்சஸ்களை அரசாங்கமே அழித்தது, தீயில் போனவையல்ல. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. சிவில் பதிவு வேறு அலுவலகம். கிரிஃபித் அச்சில் வந்துவிட்டது. எரிந்தவற்றின் பிரதிகளைப் பல காப்பகங்களிலிருந்து திரட்டி, டிரினிட்டி கல்லூரி முன்னின்று 2022 ஜூனில் ஒரு மெய்நிகர் கருவூலத்தைத் திறந்தது. 1921இல் போர் காரணமாகச் சென்சஸ் எடுக்கவில்லை. 1926 ஏப்ரல் 18 கணக்கு, 100 வருட விதிப்படி 2026 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு உரியது. அதில் 26 கவுன்டிகள் மட்டும், வட அயர்லாந்து சேராது.

பேரனுக்கு நேராகப் பிடிப்பது டூகாஸ் தளத்தின் பள்ளித் தொகுப்பு. 1937க்கும் 1939க்கும் இடையில் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள், அவன் வயதுக்காரர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதியது. பஞ்சக் கதை, வைத்தியம், புனித கிணறு, வெண்ணெய் கடைவது எல்லாம் இருக்கும். குடும்பப்பெயரை விட்டுவிட்டு உங்கள் பங்கின் பள்ளியை வைத்துத் திறந்தால், கொள்ளுத்தாத்தாவின் பக்கத்து வீட்டுப் பையன் எழுதியதுகூடக் கிடைக்கலாம்.

தேடிப் பழக அவனுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். அடையாற்றில் 1917இல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், ராஸ்காமன் கவுன்டியின் பாயில் ஊரில் 1878இல் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கில்லெஸ்பி. 1903இல் கல்யாணம். பிறப்பையும் கல்யாணத்தையும் ஐரிஷ் ஜீனியாலஜியில் தேடச் சொல். கத்தோலிக்கர் அல்லாத குடும்பம், ஆகவே தேசிய நூலகத்து ஏடுகளில் ஏன் தேடக்கூடாது என்று அவனே சொல்லட்டும்.

கிடைக்கும் ஒவ்வொரு படத்தையும் அன்றே இறக்கிவிடு. கோப்புக்கு வருடம், டவுன்லாண்ட், பெயர் என்று இந்த வரிசையில் பெயர் வை. தேடி இல்லாமல் போனதையும் தேதி போட்டுக் குறி, இல்லையென்றால் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவாய். ஒரு ஆளை ஏற்கக் குறைந்தது இரண்டு பதிவுகளில் ஊரும் அம்மாவின் பெயரும் ஒத்துப்போகவேண்டும்.

முதலில் மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா கல்யாணப் பதிவின் படத்தை அனுப்பு. சாட்சிகள் பெயர் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பெரிதாக்கிப் பார்த்துப் படித்துச் சொல்கிறேன். சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா