பாம்பு சாப்பிடலன்னு நீ பட்டினி கிடக்காத

அம்மு,

நைட்டு ரெண்டு மணிக்கு மெசேஜ் போட்டிருக்க, புதுப் பாம்பு வந்து 16 நாளாச்சு இன்னும் ஒண்ணும் திங்கலன்னு. நீ சாப்பிட்டியா மொதல்ல? பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு) மேற்கு ஆப்பிரிக்கா ஜாதிம்மா, இடம் மாறுனா வாயத் தொறக்காது. நம்ம சுருட்டை (பேரக் கேட்டுட்டு பாட்டி போன்ல "அடியே சுருட்டைன்னா விரியன்டி"ன்னு அலறுனாங்களே) வந்தப்போ அஞ்சு வாரம் பட்டினி. தப்பு என்னோடதுதான், நீ ஸ்கூலுக்குப் போனதும் மணிக்கொருதரம் மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டே இருந்தேன், அப்புறம் அது எங்க சாப்பிடும்.

ஒரு வாரம் கையில எடுக்காத, ரூம்மேட்டுக்கும் காட்டாத. சூடான பக்கம் 90 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட, இன்னொரு பக்கம் 78, 80 இருக்கணும், டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கோ, அந்த ஒட்டுற டயல் சும்மா. ரெண்டு பக்கமும் உடம்பு உரசுற அளவுக்கு சின்ன பொந்து வை, தொட்டிய மூணு பக்கமும் பேப்பரால மூடு. வித்தவங்ககிட்ட இதுவரைக்கும் சுண்டெலி குடுத்தாங்களா பெரிய எலியா, உயிரோடயா ஃப்ரோசனான்னு கேட்டியா? அதையே குடு. உயிரோட விட்டுட்டு மட்டும் தூங்கப் போயிடாத, எலி பாம்பக் கடிச்சு வெச்சுடும்.

ஃப்ரோசன்னா ராத்திரியே ஃபிரிட்ஜுல எடுத்து வெச்சு, அப்புறம் கவரோட சுடுதண்ணில போடு. மைக்ரோவேவ் வேணவே வேணாம், ஏன்னு கேக்காத. நான் கடைசில அம்மாவோட ஹேர் டிரையர எடுத்து எலித் தலைய மட்டும் சூடாக்குனேன், பாம்போட உதட்டுல இருக்குற குழிங்கதான் சூட்டக் கண்டுபிடிக்கும். லைட்ட அணைச்சுட்டு இடுக்கில பிடிச்சு நீட்டுனேன், நாக்கு ரெண்டு தரம் வந்துச்சு, கழுத்து எஸ் மாதிரி வளைஞ்சுச்சு, அடுத்து பாத்தா எலி சுருளுக்குள்ள. (அம்மாவுக்கு டிரையர் விஷயம் இன்னும் தெரியாது. தேங்காத் துருவல்னு நெனச்சு எலி பாக்கெட்ட எடுத்ததுக்கே ஒரு வாரம் பேசல.)

வேணாம்னா எடுத்துடு, மறுநாளே திரும்ப நீட்டாத, ஒரு வாரம் போகட்டும். கண்ணு பால் மாதிரி மங்கிருந்தா தோல் உரிக்கப் போகுது, அப்போ திங்காது. வாராவாரம் எடை போட்டு எழுதி வை, பத்துல ஒரு பங்கு கொறஞ்சா ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட போ.

சாப்பிட்டா எத்தன மணியானாலும் என் போனுக்கு அடி. வீட்டு நம்பர் வேணாம், அம்மா எடுப்பா.

அப்பா