ஈழப்போரின் கதையை 1948-லிருந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை வந்தால் உங்கள் நாளிதழில் இலங்கைப் போரைப் பற்றி ஒரு நடுப்பக்கக் கட்டுரை வந்துவிடும். இந்த வருஷமும் வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள், கொழும்பு எரிந்தது, போர் மூண்டது என்று 1983-ல் தொடங்குகிறார் கட்டுரையாளர். பின்னோக்கிப் போனவர் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டத்தோடு நின்றுவிட்டார். அதற்கும் எட்டு வருஷம் முன்னால், இந்தியாவிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழர்களான எங்களுக்கு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. எங்கள் கட்சியான சிலோன் இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஆறேழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஜெயித்தார். மற்ற சில தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் தோட்டத்து ஓட்டு கைகொடுத்தது. பிரதமர் டி.எஸ்.சேனநாயக்கா அரசுக்கு அது உறுத்தியது. மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. என் அப்பா பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தாத்தா பிறந்தது தமிழ்நாட்டுத் துறையூரில். தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்துக்கு அது போதும், அப்பா அந்நியராகிவிட்டார்.

1949-ல் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குடும்பஸ்தன் ஏழு வருஷம் தொடர்ந்து அங்கேயே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். அப்பா அத்தை கல்யாணத்துக்குத் துறையூர் போனவர், காய்ச்சலில் படுத்து, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் காட்டியே தள்ளுபடி செய்தார்கள். அந்தக் கடிதத்தை அம்மா கடைசிவரை தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு சேர்த்தே வைத்திருந்தார். இப்படிச் சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனதில், கிடைத்தது ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவாகத்தான்.

இதற்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. தொகுதி பிரிக்கத் தலையை எண்ணும்போது எங்களையும் சேர்த்து எண்ணினார்கள். ஓட்டுப் பெட்டிப் பக்கம் மட்டும் விடவில்லை. மலையகத்து இடங்களெல்லாம் சிங்கள வாக்காளர் கைக்குப் போயின. தமிழர் தயவு இல்லாமலே ஆட்சி பிடிக்கலாம் என்றானபின், யார் அதிகம் சிங்களப் பற்றுக் காட்டுவது என்பதில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் போட்டி. 1956 சட்டமும், 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கா தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மறு வருஷமே கிழித்ததும் அந்தத் தைரியத்தில்தான். பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சேர்வதைக் கடினமாக்கிய தரப்படுத்தல், யாழ் நூலக எரிப்பு எல்லாம் அப்புறம் வந்தவை.

யாழ்ப்பாணத்தாரையும் சும்மா விட முடியாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி.பொன்னம்பலம் மந்திரியானபின் 1949 சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். அவரை விட்டுப் பிரிந்து செல்வநாயகம் தமிழரசுக் கட்சி தொடங்கியது இந்தச் சண்டையில்தான். பிறகு அந்தக் கட்சிக்காரர்களே தனிநாடு கேட்கும் நிலைக்கு வந்தார்கள். ஆக, ஈழ அரசியலின் தலைமாட்டிலேயே எங்கள் விவகாரம் இருக்கிறது.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரி வந்து, மறுபடியும் தேயிலைக் கொழுந்து பறித்தோம். அங்கேயே தங்கியவர்களில் 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கிய குடும்பங்கள் கடைசிவரை போருக்குள் மாட்டிக்கொண்டன.

1983 ஜூலையைக் குறைத்துப் பேசவில்லை. எங்கள் சொந்தக்காரர்களும் அதில் வீடு இழந்தவர்கள்தான். ஆனால் அது மட்டும்தான் ஆரம்பம் என்று எழுதினால், கல்லூரிப் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். எங்கள் பேரப்பிள்ளைகள் உட்பட.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதிக்கு முன்னால் ஒரு நிருபரை கொளப்பள்ளி, சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் அனுப்புங்கள். 1947-ல் ஓட்டுப் போட்டவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கப்பலில் வந்தவர்கள் இன்னும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது, மற்ற நாளில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளி (ஓய்வு),
கொளப்பள்ளி, பந்தலூர் வட்டம், நீலகிரி.