விற்க எண்பது, காக்க நூறா?

சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நடக்கும்போதெல்லாம் உங்களுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன். 1989இல் லிட்டில் இந்தியாவை, பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தீர்கள். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் சிராங்கூன் சாலையின் கடைவீடுகளும், தாத்தா காலத்து ஆட்கள் ‘அஞ்சடி’ என்று சொல்லும் அந்தத் தாழ்வார நடைபாதையும் இன்னும் நிற்கின்றன. மழை வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறது.

ஆனால் நான் கடைவீட்டுப் பிள்ளை இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்கில் பதினோராவது மாடியில் வளர்ந்தவன். என் வயதுக்காரர்களுக்குப் பழைய சிங்கப்பூர் என்றால் ஓட்டுக்கூரை நினைவுக்கு வராது, 1970களின் கான்கிரீட்தான் வரும். அந்தக் கான்கிரீட் கட்டடங்களைக் காப்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் குன்றின் மேல் பேர்ல் பேங்க் என்ற அடுக்குமாடிக் கட்டடம் நிற்கும். 38 மாடி, குதிரை லாட வடிவம். கட்டிடக் கலைஞர் டான் செங் சியோங் வடிவமைத்தது. 1976இல் கட்டி முடித்தபோது சிங்கப்பூரின் மிக உயரமான குடியிருப்பு. பள்ளித் தோழன் ஒருவன் அங்கே இருந்தான். வீட்டுக்குள்ளேயே அரை மாடி ஏறி, அரை மாடி இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டிலில் ஏறுவதைத் தவிர வேறு ஏற்றமே கிடையாது, அதனால் எனக்கு அது அரண்மனை. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் வளைவு முழுக்க அடுக்கடுக்காக அடுக்களைகள். குழாய் ஒழுகும், மின்தூக்கி பாதி நாள் முனகும். அதையும் மறைக்கவில்லை.

2015 வாக்கில் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற உரிமையாளர்களே ஒரு முயற்சி செய்தார்கள். பெரும்பாலானோர் சேர்ந்தார்கள். ஆனால் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது, அது கூடவில்லை. அதே கட்டடத்தை மொத்தமாக விற்க உரிமையாளர்களில் 80 சதவீதத்தின் சம்மதம் போதுமாக இருந்தது. 2018இல் 728 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு விலை போனது, அப்புறம் இடித்தார்கள். இப்போது அதே குன்றில் 39 மாடியில் இரண்டு வளைந்த கோபுரங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குத்தான் அண்ணாந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 99 வருடக் குத்தகை தேய்ந்துகொண்டே போகும்போது, பழுதுபார்க்கும் செலவு ஏறிக்கொண்டே போகும்போது, அவர்கள் என்ன செய்வார்கள்? விற்பதற்கு ஒரு வாசல், காப்பதற்கு ஊசிக்காது என்று இருந்தால் யாரும் வாசல் வழியாகத்தான் போவார்கள்.

காப்பதற்கும் வாசலைத் திறக்க உங்களால் முடியும் என்பதற்கு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் சாட்சி. 1973இல் கட்டியது, படிக்கட்டு போலச் சரியும் 16 மாடி. தாய்லாந்துக் கடைகளும் அந்நாட்டு ஹட்யாய் ஊருக்குப் போகும் பேருந்துகளுமாக எப்போதும் இரைச்சலாக இருந்தது. 2006இல் நாடாளுமன்றத்திலேயே அதை அடுக்குச் சேரி என்று திட்டினார்கள். 2021இல் நீங்கள் அதையே பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தீர்கள். கூடுதலாக மூன்றில் ஒரு பங்கு தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம், குத்தகையைத் திரும்ப 99 வருடமாக்கிக்கொள்ளலாம் என்று வழியும் விட்டீர்கள். மறு வருடமே 700 மில்லியனுக்கு வாங்க ஆள் வந்தது. கட்டடமும் தப்பித்தது, உரிமையாளர்களுக்கும் காசு வந்தது. (அங்கே சோம்தாம் என்ற தாய்லாந்துப் பப்பாளிக்காய் சாலட் விற்ற அக்காக்கள் திரும்பி வருவார்களா என்பது வேறு கதை.)

இப்போது என் கவலை சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மேல். அதுவும் 1973, 31 மாடி. 1966இல் தீயில் அழிந்த பழைய சந்தையின் இடத்தில் எழுந்தது. கடைகளுக்கு நடுவே பல மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் கூடத்தில் காசு மாற்றுபவர், பயண முகவர், கால் பிடித்துவிடுபவர் எல்லாம் இருப்பார்கள். எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். குளிரூட்டிய புதுக் கடைத்தொகுதிகளில் அப்படி ஓர் இடம் காட்டுங்கள் பார்ப்போம்.

கேட்பது இரண்டுதான். ஒன்று, கோல்டன் மைலுக்குக் கொடுத்த சலுகைகள் இதற்கும் உண்டா என்பதை, விற்பனைப் பேச்சு சூடாகும் முன்பே உரிமையாளர்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, விற்பனைக்கு 80 என்றால் பாதுகாப்புக்கும் 80 என்று ஆகட்டும். அது சட்ட அமைச்சின் வேலை என்பீர்கள். சரி, அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் என் கையெழுத்தைவிட நிச்சயம் எடுபடும்.

இப்படிக்கு,
தினமும் ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும் ஒருவன்