அடிப்பூச்சு வெறும் பசை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காந்த மென்படலங்களைப் (காந்தப் பண்புள்ள மிக மெல்லிய உலோகப் பூச்சுகளைப்) பற்றி வந்த கட்டுரையை, பட்டறையில் நிக்கல் தொட்டி சூடேறக் காத்திருந்த நேரத்தில் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால், படலம் நன்றாக ஒட்டிக்கொள்வதற்காக அதன் அடியில் வேறோர் உலோகத்தைப் பூசுகிறார்கள் என்ற அளவில், ஒரே வரியில் அடிப்பூச்சைத் தாண்டிப் போய்விட்டார் கட்டுரையாளர். நான் செவ்வாய்ப்பேட்டையில் 30 ஆண்டுகளாகக் கொலுசுக்கும் கவரிங் நகைக்கும் முலாம் போடுகிறவன். அந்த வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை.

இரும்புத் துண்டு ஒன்றை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் முக்கிப் பாருங்கள். மின்சாரமே வேண்டாம், நொடியில் செம்பு படிந்து சிவந்துவிடும். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அத்தனையும் விரலோடு வந்துவிடும். ஒட்டுவதற்கு அடிமுலாம் வேண்டும் என்பது இதனால்தான்; அதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் பித்தளை நகையில் தங்கம் நன்றாகவே ஒட்டும். இருந்தும் இடையில் நிக்கல் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் நாளடைவில் செம்பும் துத்தநாகமும் தங்கத்தின் ஊடாக மேலேறி நகையைக் கறுக்கச் செய்துவிடும். அந்த நிக்கல் மங்கலாக விழுந்தால் மேலே போடும் தங்கமும் மங்கல்தான். வாடிக்கையாளர் திட்டுவது என்னவோ தங்கத்தைத்தான்.

என் மகள் இயற்பியலில் ஆய்வு மாணவி. ஒருமுறை அவளுடைய ஆய்வகத்தில் நகக்கண் அளவுள்ள இரண்டு சிலிக்கன் சில்லுகளைக் காட்டினாள். இரண்டின் மீதும் இரும்பு-கோபால்ட் படலம். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெண்பளபளப்பு. கணினித் திரையில் அவற்றின் காந்தத் தயக்கக் கண்ணிகளை, அதாவது காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது படலத்தின் காந்தம் எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் வளைகோடுகளை, பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஒன்று பருத்த பெட்டிபோல, மற்றொன்று ஊசிபோல. “மேலே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான் அப்பா, கீழேதான் வேறு” என்றாள். ஊசியாக இருந்ததன் அடியில் சில நானோமீட்டர் செம்பு இருந்தது.

அந்தச் செம்பு செய்யும் வேலை என்ன? நேரடியாகப் பூசும்போது இரும்பு-கோபால்ட் படிகமணிகள் பெரிதாக வளர்கின்றன. அடியில் செம்பு இருந்தால் ஏராளமான இடங்களில் ஒரே நேரத்தில் படிகம் முளைப்பதால் மணிகள் பொடிப்பொடியாக நின்றுவிடுகின்றன. மணி போதிய அளவு சிறுத்துவிட்டால், அண்டை மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சேர்ந்தே திரும்பும். ஏறிய காந்தத்தை நீக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்துக்குக் காந்த நீக்குத்திறன் என்று பெயர்; கண்ணியின் அகலம் காட்டுவது இதைத்தான். அந்த நானோ அளவில் இது மணியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது என்கிறது கோட்பாடு. மணி பாதியானால் நீக்குத்திறன் 64-இல் ஒரு பங்கு! உண்மைப் படலங்கள் ஏட்டுக்கணக்குக்கு அப்படியே பணியாது என்றாலும், மெல்லிய அடிப்பூச்சினால் நீக்குத்திறனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறார்கள். அதற்காகத் தடிமனாகப் பூசினால் இன்னும் நல்லது என்று எங்கள் தொழில் புத்தியில் நினைத்துவிடக் கூடாது. அடிப்பூச்சு தடித்துச் சொரசொரப்பானால் அந்தச் சொரசொரப்பு அப்படியே மேலே ஏறும்.

படிகம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதிலும் அடிப்பூச்சுக்குப் பங்கு உண்டு. இரும்பு-காலியம் கலவையில் இது பெரிய விஷயம். காந்தப்புலத்தில் வைத்தால் அதன் ஒற்றைப் படிகம் கனசதுர விளிம்பின் திசையில் பத்து லட்சத்துக்குச் சுமார் 400 பங்கு வரை நீளும். மூலைவிட்டத் திசையில் அந்த அளவுக்கு அருகில்கூட வராது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இழுவிசை. நிக்கல் தொட்டியில் பளபளப்பு மருந்து கூடிவிட்டால் முலாம் உள்ளுக்குள் விறைத்து, மெல்லிய தகட்டையே வளைத்துவிடும். அதைத் தளர்த்தத் தொட்டியில் சாக்கரின் போடுவோம். ஆம், காப்பியில் போடும் அதே சாக்கரின்தான். சாதாரண உலோகத்தில் இந்த விறைப்பு உரிவதோடும் விரிசலோடும் முடிந்துவிடும். காந்தத்தால் நீளம் மாறும் பொருளில் அப்படி அல்ல. காந்தம் அதை நீட்டுகிறது என்றால், நீட்டினால் காந்தமும் மாறும். நீளும் வகைப் பொருளை இழுத்துப் பிடித்தால் காந்தத் திசை இழுத்த பக்கம் சாயும். அதையே அழுத்தி வைத்தால் படலத்துக்குச் செங்குத்தாக எழப் பார்க்கும். அடிப்பூச்சை மாற்றும்போது படலத்தில் தங்கும் விறைப்பும் மாறுகிறது. இத்தகைய படலத்தை உணரியாக (சென்சாராக) வைத்தால், அது எதை உணர வேண்டுமோ அதுவும் மாறிவிடுகிறது.

இன்னொரு சிறு குறை. காந்தத்தால் நீளம் மாறும் இந்தப் பண்பைக் கட்டுரை நெடுக ‘காந்த விரிவு’ என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் தினமும் கையாளும் நிக்கல் விரிவதில்லை, சுருங்குகிறது. ஒரு மீட்டர் கம்பிக்கு 30 மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். ‘காந்த உருமாற்றம்’ என்றாவது எழுதலாம்.

கட்டுரையின் முடிவில் படலங்களின் பண்புகளை அட்டவணையாக்கியிருந்தீர்கள். அதில் படலத்தின் பெயர் இருக்கிறது, தடிமன் இருக்கிறது. அடியில் இருந்தது கண்ணாடியா, டான்டலம் என்ற உலோகமா, செம்பா என்று சொல்லும் நெடுவரிசை இல்லை. அடுத்த இதழிலாவது அந்த ஒரு நெடுவரிசையைச் சேர்த்து அட்டவணையை மறுபடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முலாம் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.