ஐவர் மலைக்குக் கால்மணி நேரம்தானா?

ஒருநாள் கோயில் சுற்றுலா நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாசியில் உங்களில் ஒருவர் நடத்திய பயணத்துக்கு நானும் அம்மாவும் வந்திருந்தோம். யார் என்று சொல்லப்போவதில்லை. படித்தால் அவருக்கே தெரிந்துவிடும். மற்றவர்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடத்துகிறீர்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

'பழனி, ஐவர் மலை, குறிஞ்சியாண்டவர், பூம்பாறை: இந்து, சமணத் தலங்கள் ஒரே நாளில்' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் நெய்க்காரப்பட்டிப் பக்கம். சின்ன வயதில் ஆடி அமாவாசைக் கூட்டத்தோடு ஏறிய மலை, பழனிப் பக்கத்து ஐவர் மலை. அந்தப் பேரை ஒரு டூர் நோட்டீஸில் பார்த்த சந்தோஷத்தில், வேறு எதையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன்.

பழனியில் குறை ஒன்றும் இல்லை. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் கூடாது; எல்லார் போனையும் பஸ்ஸிலேயே வைக்கச் சொன்னதால் கவுன்ட்டரில் நிற்கும் நேரம் மிச்சம். வயதானவர்களுக்கு விஞ்ச், நடக்கிறவர்களுக்கு யானைப்பாதை என்று பிரித்து அனுப்பியதும் சரி. அப்புறம் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடையில் முழுசாக ஒரு மணி நேரம். அதுவும் போகட்டும், பழனிக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு யார் போவார்கள்?

ஐவர் மலைக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. "கால்மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்றார் உங்கள் ஆள். உச்சி வெயிலில் பாறை கொதிக்கிறது. மேலே போனதும் கைடு, "பஞ்சபாண்டவர் வனவாசத்துல தங்கின இடம், இந்தச் சிலைங்க எல்லாம் அவங்கதான்" என்றார். பின்னால் நின்ற ஒரு பையன் எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேருன்னீங்க, பதினாறு இருக்கே?" என்றான். கைடு அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டார்.

அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நயினார் வீட்டுப் பெரியம்மா, அதாவது தமிழ்ச் சமணர். வழியெல்லாம் அதிகம் பேசாதவர். பையனைக் கூப்பிட்டு, "தலைக்கு மேல பாம்பு படம் எடுத்திருக்கு பாரு, அவர் பார்சுவநாதர், எங்க தீர்த்தங்கரர். இங்க மூணு அடுக்குக் குடை, முக்குடை இருக்கு பாரு" என்று விரலால் காட்டினார். பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சரிசியை ஒரு பிடி எடுத்துப் பாறை ஓரத்தில் வைத்துக் கும்பிட்டார். சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றார். கண்ணை மூடியிருந்தபோதே கீழே ஹார்ன் அடித்தது. முடிச்சைக்கூடத் திரும்பப் போடாமல் இறங்கினார்.

அந்தப் பாறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த ஹார்ன் அடித்திருக்காது என்றே நினைக்கிறேன். பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்துக் கல்வெட்டு அது. சக ஆண்டு 792, வரகுணனுக்கு எட்டாம் ஆட்சியாண்டு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது கி.பி. 870. அதை வைத்துத்தான் அவன் 862-ல் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்குப் போட்டார்கள்; பாண்டியர் வரலாற்றில் மற்ற ஆண்டுகளைக் கட்டுவதற்கு அது ஒரு முளைக்குச்சி. குணவீரர் என்ற குரவரின் மாணாக்கர் சாந்திவீரர், 'திருவயிரை'யில் இருந்த பார்சுவ பட்டாரர் (பார்சுவநாதர்தான்) சிலையையும், கூட இருக்கும் பெண் தெய்வங்களான இயக்கியரையும் புதுப்பித்தார். அவர்களுக்குத் தடையில்லாமல் அவி (படையல்) படைக்கவும், அடிகள் (துறவி) ஒருவருக்குச் சோறு போடவும் 505 காணம் பொன் வைத்தார். அயிரை என்பதுதான் மலையின் பழைய பேர். மதுரைப் பக்கத்து மலைகள் பலவற்றில் பேரைப் பொறித்துவைத்துப் போன சமண முனிவர் அச்சணந்தியின் பேர் இங்கேயும் உண்டு.

பாண்டவர் கதையைச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பாட்டியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் 'சமணத் தலம்' என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டுத் தீர்த்தங்கரரைத் தருமர் என்றும் பீமன் என்றும் காட்டுவது, அந்தப் பெரியம்மாவை வைத்துக்கொண்டே காட்டுவது, நன்றாகவா இருக்கிறது?

அதற்கப்புறம் மலைப்பயணம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர் மலைப்பாதை, அங்கிருந்து பூம்பாறை இன்னும் 18 கிலோமீட்டர் சொச்சம். போய்த் திரும்ப 160-ஐத் தாண்டும். அதை ஒரே பிற்பகலில் முடிப்பதாகத் திட்டம்! கொடைக்கானலுக்குள் போக இ-பாஸ் பார்க்கிற இடத்தில் வரிசை. கொடைக்கானலில் 1936-ல் லீலாவதி ராமநாதன் கட்டிய குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றால் பழனி மலை தெரியும் என்பார்கள்; எங்களுக்குத் தெரிந்தது பனிமூட்டம். பூம்பாறையில் முருகனான குழந்தை வேலப்பரை ஐந்து நிமிடம், மலைப்பூண்டுக் கடையை அரை மணி நேரம் பார்த்தோம். திரும்பும்போது பஸ் முழுக்கப் பூண்டு வாசனை.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு அடிவாரத்தில் பஸ் நின்றபோது மணி ஒன்பதே கால். பெரியம்மா இறங்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிடுவதில்லை. மதியம் பூண்டு ரசமும் வெங்காய சாம்பாரும் என்பதால் மோர் ஊற்றி இரண்டு கவளம், அவ்வளவுதான். பசிக்குமே என்று அம்மா பஞ்சாமிர்தத்தைப் பிரித்து நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தேன் இருக்குமே அக்கா, நாங்க தொடறதில்ல" என்று அம்மா மடியிலேயே வைத்துவிட்டார். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அடிகள் ஒருவருக்குச் சோறு என்று பொன் வைத்த மலைக்குப் போய்விட்டு வருகிறோமே என்று எனக்கும்.

இது ஒன்றும் பெரிய செலவு இல்லை. பூம்பாறையையும் கொடைக்கானலையும் இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். விடிந்ததும், பாறை சூடாவதற்கு முன்னால், ஐவர் மலைக்குப் போங்கள். ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். கல்வெட்டை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவாருங்கள். பழனிப் பக்கத்திலேயே தமிழ் வாத்தியார்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். பிறகு பழனிக்கு வாருங்கள். சாயங்காலம் ராஜ அலங்காரம் வரை தாராளமாக நேரம் இருக்கும். பணம் வாங்கும்போதே, சாப்பாட்டில் எது ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிடுகிறவர்களுக்கு ஐந்தரைக்கே ஒரு பந்தி போட்டுவிடுங்கள்.

அம்மாவும் அந்தப் பெரியம்மாவும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த நோட்டீஸில் 'ஐந்தரைக்குச் சாப்பாடு' என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பணம் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெய்க்காரப்பட்டிக்காரன் ஒருவன்