திருப்பிக் கொடுத்த காருக்கு 2,943 வெள்ளி: சேதக் கட்டணம் குறித்த புகார்

14 டிசம்பர் 2025
யீஷூன், சிங்கப்பூர்

பெறுநர்: மேலாளர், நீண்டகாலக் குத்தகைப் பிரிவு

பொருள்: 17 நவம்பர் 2025 அன்று ஒப்படைத்த கருநீல ஹைபிரிட் காருக்கு விதிக்கப்பட்ட சேதக் கட்டணத்தை மறுப்பதும், முன்பணத்தைத் திரும்பக் கேட்பதும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டிசம்பர் 8, திங்கட்கிழமை இரவு, அடுப்பில் தோசைக்கல்லை வைத்திருந்த நேரத்தில் உங்கள் மின்னஞ்சல் வந்தது. காரைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்ததால், 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது 2,943 வெள்ளிக்கு ஒரு பில். முன்பணம் முழுவதையும் கழித்துக்கொண்டது போக, இன்னும் 943 வெள்ளியை ஏழு நாளில் கட்டச் சொல்லியிருந்தது. தோசை கருகிப்போனதை நீங்கள் பில்லில் சேர்க்காதவரை சரி.

உங்களிடம் கார் எடுத்ததற்கு முதல் காரணமே தமிழில் பேசிக் காரியம் முடிக்கலாம் என்பதுதான். ஒப்பந்தத்தை எனக்கு வரிவரியாக விளக்கியதும் தமிழில்தான். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். தொலைபேசியில் இருமுறை பேசிப் பார்த்தேன். இரண்டு தடவையும் "மேலே கேட்டுட்டுச் சொல்றேங்கா" என்ற பதில்தான் கிடைத்தது. இனி எல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்பது இதுதான்: முன் பம்பருக்குப் பெயின்ட் அடிக்க 650, இடது முன் கதவில் உள்ள நெளிவுக்கு 480, நான்கு ரிம்களுக்குத் தலா 220 வீதம் 880, இரண்டு டயர்களுக்கு 360, உட்புறச் சுத்தத்துக்கு 180, நிர்வாகக் கட்டணம் 150. ஆக 2,700. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 243. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. நானும் கணக்கு வேலை பார்ப்பவள்தான், சரிபார்த்துவிட்டேன். தவறு கூட்டலில் இல்லை.

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், 150,001 வெள்ளிக்குப் போனதே, அப்போதுதான் சொந்தக் கார் ஆசையை மூட்டை கட்டி வைத்தோம். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வாரம் இருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். 18 நவம்பர் 2023 அன்று உங்களிடம் இரண்டு ஆண்டுக் குத்தகைக்குக் கார் எடுத்தேன். ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை. சர்வீஸுக்கு அழைத்த தேதியில் எல்லாம் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

இப்போது ஒப்படைத்த நாளுக்கு வருகிறேன். நவம்பர் 17 காலை 11.20-க்கு உங்கள் பணியாளர் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்தார். அவசரப்படாமல், கையில் டார்ச் விளக்கோடுதான் பார்த்தார். இடது பின் ரிம்மில் இருந்த சிராய்ப்பை நானே காட்டினேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் சரிவில் திரும்பும்போது திண்டில் உரசியது அது. அவர் படிவத்தில் "புதிய சேதம்: இ.பி. ரிம், 1" என்று எழுதினார். டயர் கோடுகளின் பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் என்று அளந்து குறித்தார். டாஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்தபோது பசை கொஞ்சம் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும், துணி இருக்கிறதா என்று கேட்டேன். "விடுங்கக்கா, கழுவுற பையன் பாத்துக்குவான்" என்றார். மைலேஜை, அதாவது கார் அதுவரை ஓடிய கிலோமீட்டரை, 51,786 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அந்தப் படிவத்தையும், அங்கேயே நான் காரைச் சுற்றி எடுத்த வீடியோவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பில்லோடு பதினோரு படங்கள் வந்தன. ஆறாவது படம் அந்தப் பிள்ளையார் பசையுடையது. 180 வெள்ளி உட்புறச் சுத்தத்துக்கு அதுதான் ஆதாரமாம். சரி, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பசைக்கு மேலே மீட்டர் தெரிகிறது. அதில் உள்ள எண் 51,845. படத்தின் ஓரத்தில் பதிவான தேதி நவம்பர் 24. அதாவது நான் சாவியைக் கொடுத்த பிறகு அந்தக் கார் 59 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிள்ளையார் இருந்த இடத்தைப் படமெடுக்கப் போய் மைலேஜையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

இதைத் தொலைபேசியில் கேட்டபோது, கழுவ எடுத்துப் போயிருப்பார்கள் என்றார் உங்கள் பணியாளர். ஐயா, இந்தத் தீவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஓட்டினாலே 50 கிலோமீட்டர்தான் வரும். சாங்கியில் சோப்புப் போட்டுத் துவாஸில் தண்ணீர் ஊற்றினாலும் மிச்சம் ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் காரை யார் ஓட்டினார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவு நெளிவு இந்த 59 கிலோமீட்டருக்குள்தான் வந்திருக்கிறது என்பது என் வாதம். அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். என் வீடியோவில் 48-வது விநாடியில் நிறுத்துங்கள். உங்கள் கொட்டகையின் குழல்விளக்கு இடது முன் கதவில் பிரதிபலிக்கிறது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக. உங்கள் எட்டாவது படத்திலும் அதே கதவு, அதே குழல்விளக்கு. ஆனால் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே வந்ததும் அந்த வெளிச்சக் கோடு கொக்கிபோல் வளைந்து போகிறது. நெளிவு எடுப்பவர்கள் இப்படி விளக்கு வெளிச்சத்தைக் கதவில் ஓடவிட்டுத்தான் பார்ப்பார்கள், இது நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நவம்பர் 17 அன்று வளையாத கோடு 24 அன்று வளைந்திருக்கிறது. அந்த 480 வெள்ளியை என்னிடம் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

பம்பர் விஷயம் இன்னும் வேடிக்கை. 2023-இல் காரை எடுத்தபோது தந்த படிவத்தில், கார் வரைபடத்தின் முன் இடது மூலையில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டினால், "அது வேற கீறலுக்கா" என்கிறார்கள். வேறு கீறலா என்று பார்த்துவிடலாம். கார் எடுத்த அன்றே நேராக யீஷூனில் உள்ள முருகன் கோவிலுக்குத்தான் ஓட்டிப் போனேன். குத்தகைக் காருக்கெல்லாம் பூசையா என்று தம்பி கிண்டல் செய்தான், அம்மா கேட்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படம் என் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் ஊன்றுகோலுக்கு அருகே, பம்பரின் இடது மூலையில் ஒரு கீறல் தெரியும். தமிழ் "ட" எழுத்தைப் போல ஒரு கோடு இறங்கி, வலப்பக்கம் மடங்கும். உங்கள் முதல் படத்தில் இருக்கும் கீறலும் அதே "ட" தான், அதே மூலை, அதே அளவு. அர்ச்சகர் ஆரத்தி காட்டும் முன்பே இருந்த கீறலுக்கு இரண்டு வருடம் கழித்து என்னிடம் 650 வெள்ளி கேட்கிறீர்கள்.

ரிம்களில் ஒன்றை நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன இடது பின் ரிம் என்னால்தான் உரசியது. மற்ற மூன்றும் படிவத்தில் இல்லை. போதாக்குறைக்கு உங்கள் பத்தாவது, பதினோராவது படங்கள் இரண்டும் ஒரே சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தவை: டயர் ஓரத்தில் காய்ந்த சேற்றுத் திட்டு ஒரே வடிவம், காற்று வால்வு மூடி இரண்டிலும் காணோம். ஒரே ரிம்முக்கு இருமுறை 220 போட்டிருக்கிறீர்கள். சின் மிங்கில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். உரசிய ரிம் ஒன்றைச் சரிசெய்ய ஒருவர் 90 என்றார், இன்னொருவர் 110 என்றார்.

டயருக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை. உங்கள் ஆளே 3 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார், சட்டப்படி வேண்டிய குறைந்தபட்சப் பள்ளம் 1.6. தேய்ந்த டயர் மாற்றுவது மாத வாடகைக்குள் அடக்கம் என்று ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகக் கட்டணம் 150 என்ற சொல்லே ஒப்பந்தத்தில் எங்கும் கிடையாது. இரண்டு முறை தேடிவிட்டேன். அப்புறம் அந்த 243 வெள்ளி வரி. நீங்கள் எனக்கு விற்ற பொருள் எது, செய்த சேவை எது? நட்டஈடு என்று கேட்கிறீர்களா, சேவைக்கு விலை கேட்கிறீர்களா என்பதையும், அதற்கு வரி போட்ட அடிப்படையையும் எழுத்தில் விளக்குங்கள்.

ஆகவே நான் ஒப்புக்கொள்வது ஒரு ரிம்மை மட்டும்தான். அதற்கும் இரண்டு விலையில் கூடியதையே எடுத்துக்கொள்ளுங்கள், 110. முன்பணத்தில் மீதி 1,890 வெள்ளியை டிசம்பர் 29, திங்கட்கிழமைக்குள் என் பேநவ் கணக்கில் செலுத்த வேண்டும். 2,943 வெள்ளி பில்லை ரத்து செய்ததாக எழுத்தில் உறுதி வேண்டும். கூடுதல் 943-ஐ ஜைரோ வழியாக, அதாவது என் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக, எடுத்துவிட முடியாது. வாடகைக்காகக் கொடுத்திருந்த ஜைரோ அனுமதியை வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டேன்.

அந்தத் தேதிக்குள் பதில் இல்லையென்றால் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் முறையிடுவேன். உண்மையல்லாததைச் சொல்லிப் பணம் கோருவதைப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற நடைமுறை என்றுதான் சொல்கிறது. அதிலும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தொகைக்கு என்னைப் போன்ற தனிநபர் கட்ட வேண்டிய மனுக்கட்டணம் 10 வெள்ளிதான். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. நீங்களும் நானும் படங்களை மேசையில் வைத்துப் பேச வேண்டியதுதான். சண்டை போடும் ஆசை எனக்கில்லை. ஆனால் விடுப்பு எடுத்து வரத் தயாராக இருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். நவம்பர் 17 முதல் 24 வரை அந்தக் காரின் சாவியை யார் யார் எடுத்தார்கள் என்ற உங்கள் பதிவின் நகலைப் பதிலோடு அனுப்புங்கள். காரைப் பெற்றுக்கொண்ட அந்தத் தம்பியை இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்த விவகாரத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் வாடிக்கையாளர்